பங்கா கூலி, ஆள் ஒன்று

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்க் கரையில்
எஞ்சினியர் பங்களா.
ராத்திரி ஒன்பதிலிருந்து விடியக்காலம் நாலரை வரை
தலைக்கு ஆயிரத்தெண்ணூறு,
கொத்துபரோட்டா உட்பட.
பேய் வராவிட்டால் பணம் திரும்பாது என்று
ஒப்புதல் படிவத்தில் ஏழாவது வரி.
அதை அடித்தவள் நான்தான்,
சப்-கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில்.

இங்கே எனக்கு வேலை மொழிபெயர்ப்பு.
போன மாதம் கோயம்புத்தூர்க்காரர்கள்
இங்கிலீஷில் மூன்று மணி நேரம் கெஞ்சியும்
கருவியில் ஒரு பொட்டு விளக்கு எரியவில்லை.
"இந்த ஊர்ப் பேய்ட்ட இந்த ஊர்ப் பேச்சுலதான கேக்கணும்"
என்றான் டைட்டஸ்.
எழுநூறு ரூபாய். சரி என்றேன்.

வருகிறவர்களுக்கு வேண்டியது துரைசாணி.
வாந்திபேதியில் செத்தவள், வெள்ளை கவுன்.
டைட்டஸ் சொல்லச் சொல்ல
ஒவ்வொரு சனிக்கிழமையும் கவுன் ஒரு முழம் நீளும்.

"இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று கேளுங்கள்"
என்கிறார் சென்னைக்காரர்.
நான் இருட்டைப் பார்த்து, "யாரும் இருக்கியளா?"
"தொந்தரவு செய்ய வரவில்லை என்று சொல்லுங்கள்."
"சும்மாதான் வந்திருக்காவ. பயப்படாதிய."
ஒரு வௌவால்.
பாபநாசம் போகும் கடைசி பஸ்
பாலத்தில் கியர் மாற்றுகிற சத்தம்.

கூரையில் நாலு இரும்புக் கொக்கி.
சுவரில், என் தலைக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில், ஓர் ஓட்டை.
"ஆவி வந்துபோகும் வழி" என்று
மீட்டரை நீட்டினாள் நீலக்கண்ணாடிக்காரி.
அவள் நகர்ந்ததும் எக்கி விரலை விட்டுப் பார்த்தேன்.
கீழ் விளிம்பு மட்டும் வழுவழு.
கிணற்றுக் கல்லைக் கயிறு தின்ற இடம் மாதிரி.

அந்தப் பக்கம் வராந்தா.
அங்கே உட்கார்ந்து இழுத்திருக்கிறான் ஒருத்தன்,
கை ஓய்ந்தால் கால் பெருவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு,
உள்ளே துரை தூங்க.
சட்டம் போட்டு டைட்டஸ் மாட்டியிருக்கும் செலவுக் கணக்கில்
துரைக்குப் பெயர் இருக்கிறது.
குதிரைக்கும் இருக்கிறது.
பிறகு: பங்கா கூலி, ஆள் ஒன்று.
மே மாதத்துக்கு நேரே கட்டம் காலி.
ஜெராக்ஸில் விட்டுப்போயிற்றோ என்று
மூலத்தையும் பார்த்துவிட்டேன்.

இரண்டே முக்காலுக்குக் காற்று செத்துப்போனது.
என் படிவத்தாலேயே விசிறிக்கொண்டார்கள்.
"கொஞ்சம் வெளியே இருங்கள், அமைதியாக முயல்கிறோம்."
வராந்தாவில், ஓட்டைக்குக் கீழே சாய்ந்துகொண்டு
யாரும் சொல்லாமல் நானாகக் கேட்டேன்:
பேச்சிமுத்தா? சொரிமுத்தா?
மாசானமா? வண்டிமலையானா?
என்னன்னு சொல்லி ஒங்களக் கூப்புட?

பதில் இல்லை.
கண் சொருகியது.

"காத்து! யாருக்காவது பட்டுதா?"
உள்ளே ஒரு கூச்சல்.
"ரெண்டு டிகிரி குறைஞ்சிருக்கு!"
துரைசாணி, துரைசாணி என்று அழுதாள் ஒருத்தி, சந்தோஷத்தில்.
எழப் பார்த்தேன்.
என் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது.
முன்னும் பின்னும், அவசரமே இல்லாமல்,
பெருவிரல் எதையோ பிடித்தாற்போல் மடங்கி.
பஸ்ஸில்கூடக் கால் ஆட்டாதவள் நான்.
நிறுத்தியிருக்கலாம்.
உள்ளே ஏழு பேருக்கு வேர்வை அடங்கிக்கொண்டிருந்தது.
நிறுத்தவில்லை.

நாலரைக்கு வேன்.
ஆளாளுக்கு என் கையைக் குலுக்கிவிட்டு ஏறினார்கள்.
போன் அதிர்ந்தது: முந்நூற்றைம்பது.
"மீதி அடுத்த வாரம் பிரம்மு" என்று
வண்டியைக் கிளப்பினான் டைட்டஸ்.

கெண்டைக்கால் கடுகடுத்தது.
திரும்பி வராந்தாவுக்குப் போய்
ஓட்டையருகே எக்கி நின்று கேட்டேன்:

ஒங்களுக்கு எவ்வளவு பாக்கி, அண்ணாச்சி?